யாகோப்புவின் வலை நனையும்வரை

என் மச்சாள் மக்டலீன் ஆம்பிளைச் சைக்கிளில் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு உடுவில் பக்கம் வியாபாரத்துக்குக் கிளம்பிய முதல் நாள், யாழ்ப்பாணத்துக் குருநகரில் எங்கள் ஒழுங்கை முழுக்க வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது. "புருசன் செத்து வருசம் முடியேல்லை, சைக்கிள் கேக்குதாம்" என்று ஒருத்தி மெல்லச் சொன்னாள். மக்டலீனுக்குக் காது கூர்மை. பிரேக்கைப் பிடித்து, ஒரு காலை நிலத்தில் ஊன்றி, திரும்பினாள்.

"ஓமடி, கேக்குது. வீட்டிலை வந்து சோறு போட உன்ரை புருசனை அனுப்புறியே?"

வேலியோரம் காலியாகிவிட்டது. மக்டலீன் அப்படித்தான். பொறுமையின் சிகரம், அன்பின் உருவம் என்று நான் எழுதினால் அவளே இதைக் கிழித்து அடுப்பில் போடுவாள். வாய் கூடியவள், கோபக்காரி, ஒருமுறை சொன்னதிலிருந்து இறங்கத் தெரியாதவள். அப்படிப்பட்டவள் தன் வாழ்நாளில் ஒரேயொரு தடவை, ஊர் பார்த்திருக்கத் தன் சொல்லைத் தானே விழுங்கினாள். அந்தக் கதைதான் இது. அதற்கு அந்தச் சைக்கிள் எப்படி அவளிடம் வந்தது என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

மக்டலீனின் புருசன், என் அண்ணன் யாகோப்பு, தொண்ணூற்றொன்றில் செத்தான். கடலில் குண்டு பட்டுச் செத்திருந்தால் நாலுபேர் வந்து பேசியிருப்பார்கள். அவனுக்குத் திருக்கை முள் குத்தியது. காயம் சிறியது. சண்டையில் மருந்து வராமல், ஏற்புநோய்க்கு ஊசி எங்கும் இல்லாத காலம். தாடை இறுகி, முதுகு வில்லாய் வளைந்து போனான். அதை நான் பார்த்தேன், இனி அதைப் பற்றி எழுதமாட்டேன்.

அவன் விட்டுப்போனது ஒரு மகள், யசிந்தா. பாதி ஓடு போன வீடு. பிறகு ஒரு சிறகுவலை. எங்கள் பரவைக்கடலில் இடுப்பளவு தண்ணீரில் தடிகளை வரிசையாக ஊன்றி, வலையை இரண்டு சிறகாக விரித்துக் கட்டி, நடுவில் கூடு வைப்பார்கள். இறால் சிறகோரமாக ஓடிவந்து கூட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். விடிந்ததும் போய் அள்ளிக்கொண்டு வரவேண்டியதுதான். ஆனால் தடி ஊன்றவும் வலை கட்டவும் ஒரு ஆம்பிளையின் தோள் வேண்டும். எங்கள் வீடுகளில் அப்போது தோள் மிச்சம் இருக்கவில்லை. வலை முற்றத்தில் கிடந்து எலி கடித்தது.

அந்த நேரத்தில்தான் இளையதம்பி வந்தார். மயிலிட்டிக்காரர். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் ஆமி வர, வடகரைச் சனங்கள் உடுத்த உடுப்போடு ஓடியபோது, மனைவி கமலாவதியை முன்னால் ஏற்றி ஒரு சைக்கிளோடு வந்தவர். கொஞ்சக்காலம் அகதியாய்ப் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு, எங்கள் ஒழுங்கை முடியும் தொங்கலில் ஒரு கொட்டிலுக்கு வந்திருந்தார். வாழ்நாள் முழுக்கக் கரைவலை இழுத்த மனுசன். வேலை இல்லாவிட்டாலும் அவருடைய கைகள் சும்மா இருக்காது. எந்த நேரமும் ஒரு தும்புக்கயிற்றை முறுக்கி, அவிழ்த்து, திரும்ப முறுக்கிக்கொண்டிருப்பார். முற்றத்தில் வலை பழுதாகப் போவதை வேலிக்கு மேலால் பார்த்துப் பார்த்து அவருக்கே தாங்கவில்லை.

மக்டலீனுக்கு வேண்டியது சைக்கிள். அவருக்கு வேண்டியது வலை. காசைப் பற்றி யாரும் பேசவில்லை, அது இருவரிடமும் இல்லை. எங்கள் கரைச் சங்கத்துத் தலைவர் பேதுரு அண்ணையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். நானும் நின்றேன்.

"வலை, தடி, கயிறு, கூடு, அதோடை உள்ளதெல்லாம் உங்களுக்கு, அண்ணை" என்றாள் மக்டலீன்.

"சைக்கிளும் அதோடை உள்ளதெல்லாமும் உமக்கு, தங்கச்சி."

"அதோடை என்ன கிடக்கு? மணியும் இல்லை."

எல்லோரும் சிரித்தோம். பிளேன்ரீ குடித்தோம். எழுத்தாக ஒன்றும் இல்லை. எழுதித் தா என்று கேட்டிருந்தால் மக்டலீன் அன்றைக்கே அவரைத் துரத்தியிருப்பாள். "உள்ளதெல்லாம்" என்றால் எதெல்லாம் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அது விளங்கித்தான் இருந்தது. ஆளுக்கு ஒரு விதமாக விளங்கியிருந்தது என்பது பிறகுதான் வெளிவந்தது.

எங்கள் கரையில் வலை ஊன்றும் இடத்தைப் பாடு என்போம். எந்தப் பாடு யாருக்கு என்பதை உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த கிழமை கோயில் மண்டபத்தில் திருவுளச் சீட்டுப் போட்டு முடிவு செய்வோம். தொழிலாளிகளின் பேர்களை ஒரு மண்முட்டியில் போட்டு, சுவாமியார் கண்ணை மூடி எடுப்பார். கடவுள் எடுத்துக் கொடுத்த பேர் என்பதால் அந்த இடத்தை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. ஆள் செத்தால் பேரை உடனே வெட்டமாட்டார்கள். அவனுடைய வலை நனையும்வரை, அதாவது அது கடலில் இறங்கிக்கொண்டிருக்கும்வரை, அவன் பேர் முட்டியில் கிடக்கும். தம்பியோ மருமகனோ அந்த வலையைப் போட்டு, விதவைக்குப் பங்கு கொடுப்பான். வலையை வெளியாளுக்குக் கைமாற்றிய விதவை அதுவரை எங்கள் கரையில் இருந்ததில்லை. ஆகவே அப்படி ஒருத்தி வந்தால் பேர் நிற்குமா, போகுமா என்று யாரும் யோசித்ததுமில்லை.

தொண்ணூற்றிரண்டில் முட்டியில் பேர்கள் கூடுதல், பாடுகள் குறைவு. அக்கரையில் ஆமியின் காவலரண் வந்தபிறகு அந்தப் பக்கத்து இடங்களுக்கு யாரும் போவதில்லை. இருந்தது இக்கரையோரத்துச் சில பாடுகள்தான். பேர் விழாதவன் அந்த வருசம் பட்டினி. மண்டபத்தில் சுவாமியார் ஒரு சீட்டை எடுத்துப் பேதுரு அண்ணையிடம் நீட்டினார்.

"யாகோப்பு. வாய்க்கால் பாடு" என்று பேதுரு அண்ணை வாசித்தார்.

வாய்க்கால் பாடு என்றால் இருக்கிறதிலேயே நல்ல இடம். மழைத்தண்ணீர் கடலில் இறங்கும் வாய். இறால் தானாக வந்து சேரும். மக்டலீன் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் அழுதேன். செத்துப்போன என் அண்ணனைக் கடவுள் பேர் சொல்லிக் கூப்பிட்டமாதிரி இருந்தது. அப்போது ஜன்னலுக்கு வெளியே இளையதம்பி நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடுவதைக் கண்டேன். நல்ல மனுசன், அடுத்த வீட்டுச் சந்தோசத்துக்கு இப்படிச் சந்தோசப்படுகிறாரே என்று மனம் நிறைந்துபோனேன். மடைச்சி நான்.

அன்று பின்னேரம் செபநாயகம் வந்தார். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், தூரத்திலேயே இருந்திருக்கலாம். அவருக்குச் சீட்டு விழவில்லை. மிச்சப் பேர்களில் முதலாவதாக நின்றார். யாருடைய பாடாவது அந்த வருசம் காலியானால் அது அவருக்குப் போகும்.

"என்னட்டை வலை கிடக்கு, உன்னட்டை இடம் கிடக்கு, பிள்ளை. பாதிப் பாதி" என்றார்.

மக்டலீன் யோசிக்கவில்லை. ஓம் என்றாள். யாகோப்புவின் இடத்தில் செபநாயகத்தின் வலை, தனக்குப் பங்கு, மீன் விற்கச் சைக்கிள் என்று அவளுக்குள் எல்லாம் அடுக்கியாகிவிட்டது.

அடுத்தநாள் விடிய நான் பல்லைக்கூடத் தீட்டவில்லை, மக்டலீன் என் படலையை உதைத்துத் திறந்தாள்.

"றோஸ், வா. உவன் எங்கடை பாட்டிலை தடி ஊண்டுறான்."

கரைக்கு ஓடினோம். வாய்க்கால் வாயில் இளையதம்பி தனியாக நின்று தடி ஊன்றிக்கொண்டிருந்தார். ஒரு சிறகு முடிந்து, மற்றதைத் தொடங்கியிருந்தார். வலை பார்க்க அழகாக இருந்தது. எலி கடித்த இடமெல்லாம் தைத்திருந்தார். மக்டலீன் சீலையோடு தண்ணீரில் இறங்கினாள். அவளைத் தனியே விடப் பயந்து நானும் இறங்கினேன். போனவள் முதலில் ஒரு தடியைப் பிடுங்கி எறிந்தாள். அதன் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"என்ன செய்யிறீர்?"

'நீங்கள்' என்ற மரியாதை போய் 'நீர்' வந்துவிட்டது. இளையதம்பி திகைத்துப் போனார்.

"என்ரை வலையைப் போடுறன், தங்கச்சி."

"வலை உம்மடை. இடம் ஆரின்ரை?"

"வலையோடை உள்ளதெல்லாம் எண்டு நீர்தானே சொன்னனீர்?"

"கயிறும் கூடும் சொன்னனான்! என்ரை மனுசன்ரை பேரையும் சேர்த்தே தந்தனான்? ஒரு கறள் பிடிச்ச சைக்கிளுக்கு?"

"அப்ப இடமில்லாத வலையை என்னத்துக்கு எனக்குத் தந்தனீர்? ஊஞ்சல் கட்டி ஆடவே?"

அவர் குரலும் ஏறிவிட்டது. தடியைத் தண்ணீரில் குத்திக் குத்திச் சொன்னார். வடகரையில் கரைவலைப் பாடு வலைக்குத்தான் சொந்தமாம். வலை எந்தக் கைக்குப் போனாலும் பாடு பின்னால் போகுமாம். வலை முதலாளியான சம்மாட்டி அதை விற்றால் கரையும் சேர்ந்துதான் விலையாம். பிறந்ததிலிருந்து அதைத்தான் கண்டாராம். இடம் ஆளுக்குச் சொந்தம் என்பதை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறாராம்.

"இது உங்கடை கரை இல்லை!" என்று கத்தினாள் மக்டலீன்.

வீடு வாசல் கடல் எல்லாம் விட்டுவந்த மனுசனிடம் சொல்லக்கூடாத சொல் அது. எனக்கு மக்டலீனின் கன்னத்தில் அறையவேண்டும்போல இருந்தது.

அந்த நேரத்தில்தான் அக்கரையிலிருந்து சூடு விழுந்தது.

விடிகாலையில் மூன்று பேர் ஒரே இடத்தில் நின்று கை காலை ஆட்டினால் அங்கேயிருந்து பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? முதல் வெடி தூரத்தில் தண்ணீரைக் கிழித்தது. அடுத்தது கிட்ட. இளையதம்பி எங்கள் இரண்டு பேரின் தோளிலும் கை வைத்து அமத்தினார். மூக்கு மட்டும் வெளியே. மக்டலீனின் சீலை காற்றுப் பிடித்து மேலே பொங்கி வந்தது, பார்த்தவனுக்கு நல்ல குறி. அவர் அதைக் கையால் தாழ்த்தித் தன் முழங்காலுக்குக் கீழே அழுத்திக்கொண்டார். மூன்று பேரும் ஒரே தடியைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தோம்.

"இடம் என்ரைதான்" என்றாள் மக்டலீன், தண்ணீர் நாடியில் முட்ட.

"உயிர் கிடந்தால் பிறகு கதைப்பம்" என்றார் அவர்.

சூடு நின்றபிறகும் நெடுநேரம் கிடந்தோம். பிறகு முழங்காலில் தவழ்ந்து கரைக்கு வந்தோம். வலை அரைவாசி கட்டினபடி அங்கேயே நின்றது. அதைக் கழற்றவும் இல்லை, கட்டி முடிக்கவும் இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பாராமல் வீட்டுக்குப் போனார்கள்.

ஒழுங்கையில் யாருக்கும் வேறு கதை இல்லை. மக்டலீன் கிணற்றடியில், கடையில், கோயில் வாசலில், கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் ஒன்றையே சொன்னாள். "நான் குடுத்தது வலை. வலை மட்டும்." எவ்வளவுக்கு உரத்துச் சொன்னாளோ அவ்வளவுக்கு அது செபநாயகத்தின் காதில் தேனாகப் பாய்ந்திருக்கிறது. அவர் நேரே பேதுரு அண்ணையிடம் போனார்.

"வலையைக் குடுத்ததை அவளே ஊருக்கெல்லாம் சொல்லுறாள். யாகோப்புவின்ரை வலை இப்ப இல்லை. பிறகென்னண்டு யாகோப்புவின்ரை பேர் நிக்கும்?"

பாதிப் பங்கு கேட்டு வந்த மனுசன் இப்போது முழுதையும் கேட்டார். பேர் வெட்டுப்பட்டால் வாய்க்கால் பாடு அவருக்கு. பேதுரு அண்ணை சரி பிழை பார்க்கிறவர், அதோடு பயந்த சுபாவம். ஞாயிறு பூசை முடிய மண்டபத்தில் விசாரணை என்று சொல்லிவிட்டார். கேள்வி ஒன்றே ஒன்று: வலை கைமாறியதா, இல்லையா? மாறியதென்றால் என் அண்ணனின் பேரை முட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்த பேரைத் திரும்பப் போடுகிற வழக்கம் இல்லை. அந்த வருசத்துப் பங்கு மட்டும் அல்ல, இனி எந்த வருசத்துப் பங்கும் மக்டலீனுக்கு இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் செபநாயகம் இளையதம்பியின் கொட்டிலுக்குள் குனிந்து போவதைக் கண்டேன். சும்மா போகவில்லை, கையில் ஒரு கோர்வை மீன். வெளியே வந்தபோது கை வெறுமை, முகத்தில் சிரிப்பு. கமலாவதி அக்காவைக் கிணற்றடியில் மறித்துக் கேட்டேன். அவ ஒளிக்கத் தெரியாத மனுசி.

"வாங்கினனான் எண்டு சொல்லட்டாம். சொன்னால் வலை இவருக்கு. வாய்க்கால் பாட்டிலை அந்த வலையையே போடலாமாம், பாதிப் பங்காம்."

"அண்ணை என்ன சொன்னவர்?"

"மீனைத்தான் பாத்துக்கொண்டிருந்தவர்."

வாங்கினேன் என்றால் அந்த மனுசனுக்கு வலையும் கிடைக்கும், இடமும் கிடைக்கும். இல்லை என்றால் வலையும் போகும். நானாக இருந்தால் என்ன சொல்வேன்? அவரைக் கரை இல்லாதவன் என்று முகத்துக்கு நேரே கத்தியவளுக்காக யார்தான் வாயைக் கட்டுவார்கள்? மக்டலீனிடம் ஓடினேன். அவள் சட்டியின் அடிக்கரியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், போய் அந்த மனுசனோடை கதையுங்கோ. காலிலை விழத் தேவையில்லை, சும்மா கதையுங்கோ."

"என்ன கதைக்கிறது? நான் வலையைக் குடுத்தனான். கேட்டால் குடுத்தனான் எண்டுதான் சொல்லுவன். கோயிலுக்குள்ளை நிண்டு பொய் சொல்லட்டே?"

"சொன்னால் அண்ணன்ரை பேர் போயிடும்!"

அவள் சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கரி எப்போதோ போய்விட்டது. அவள் பயந்துபோயிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கோபக்காரிகளுக்குப் பயம் வந்தால் அவர்களுக்கு அதை எப்படிக் காட்டுவதென்று தெரியாது. நான் வீட்டுக்கு வந்து அண்ணனின் படத்துக்கு முன்னால் இருந்து அழுதேன்.

ஞாயிறு மண்டபம் நிறைந்து வழிந்தது. இளையதம்பி முதல் தடவையாக ஜன்னலுக்கு உள்ளே வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. எங்கே நிற்பதென்று தெரியாமல் தூணோடு ஒட்டி நின்றார். மக்டலீன் பெண்கள் பக்கம் முன்வரிசை வாங்கில் இருந்தாள். யசிந்தா அவளுடைய கையைப் பிடித்திருந்தாள். செபநாயகம் கால்மேல் கால் போட்டுக்கொண்டிருந்தார்.

பேதுரு அண்ணை சட்டத்தை ஒருக்கால் சொன்னார். செத்தவனின் வலை நனையும்வரை அவன் பேர் நிற்கும். அப்படியென்றால் வலை கைமாறினால் பேர் இல்லை. சொல்லிவிட்டுத் தூண் பக்கம் திரும்பினார்.

"இளையதம்பி அண்ணை, நீங்கள் வெளியூர் ஆள். எங்கடை சண்டை உங்களுக்கு வேண்டாம். உண்மையை மட்டும் சொல்லுங்கோ. அந்த வலையை வாங்கினனீங்களோ?"

கயிறு இல்லாமலே அவருடைய விரல்கள் கயிறு முறுக்கின. நான் செபமாலை மணியை நசுக்கிப் பிடித்திருந்தேன். ஒரு ஓம் போதும். ஒரு ஓம் சொன்னால் அவர் கமலாவதி அக்காவுக்கு நாளைக்கே உலை வைக்கலாம்.

"வாங்கேல்லை" என்றார்.

மண்டபம் இரைந்தது. செபநாயகத்தின் கால் கீழே இறங்கியது.

"என்ன கதை கதைக்கிறீர்? ஊருக்கே தெரியும்!"

"ஊருக்கு என்ன தெரியுமோ எனக்குத் தெரியாது. வலை யாகோப்புவின்ரை. நான் போடுற ஆள் மட்டும்." தூணை விட்டு ஒரு அடி முன்னால் வந்தார். "என்ரை பேர் மயிலிட்டியிலை கிடக்கு. அங்கை நான் போகேலாது. வேலிக்கு வெளியிலை நிண்டு பாக்கவும் விடாங்கள். பேர் கிடக்கிற இடத்தை இழக்கிறது என்னெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை. இன்னொரு மனுசன்ரை பேரை என்ரை வாயாலை வெட்டச் சொல்லாதையுங்கோ, ஐயா. அந்த மனுசனை நான் கண்டதுகூட இல்லை. பரவாயில்லை. அவருக்குக் கூலிக்கு நிக்கிறன்."

எனக்குக் கண் மறைத்தது. அண்ணனின் பேரை, அண்ணனைத் தெரியாத ஒருவர் தோளில் தூக்கி வைத்திருந்தார்.

பேதுரு அண்ணை மக்டலீன் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ சொல்லு. வலையைக் குடுத்தனியோ, இல்லையோ?"

நாலு நாளாக ஒழுங்கை அதிரக் குடுத்தேன் குடுத்தேன் என்று கத்தியவள். கத்தியதைக் கேட்காத ஒரு காது அந்த மண்டபத்தில் இல்லை. அவள் எழுந்து நின்றாள். பீடத்தைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள். உதடு கடித்தாள். அவள் வாய்க்குச் சொல் கிடைக்காமல் போனதை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

"அவர் சொன்னதுதான்" என்றாள் கடைசியில். "குடுக்கேல்லை."

"அப்ப அந்தாளின்ரை சைக்கிள் உனக்குக் கீழை என்ன செய்யுது?" செபநாயகம் எழுந்தேவிட்டார்.

"இரவல்."

யாரோ பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் விட்டான். அதோடு மண்டபமே சிரித்தது. பேதுரு அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. அன்று முற்றத்தில் நடுவில் நின்று பிளேன்ரீ குடித்தவர் அவர். எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், திரும்பக் கழற்றினார்.

"குடுத்தவளும் இல்லையெண்டுறாள், வாங்கினவரும் இல்லையெண்டுறார். பிறகு நான் ஆர், ஓம் எண்டு சொல்ல? பேர் நிக்கட்டும். ஆனால் வலை நனையோணும். மழைத்தண்ணி கணக்கில்லை, கடல்தண்ணியிலை நனையோணும். அதுதான் சட்டம்."

அன்று பின்னேரமே மக்டலீன் சைக்கிளை உருட்டிக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். நானும் போனேன். படியில் சைக்கிளைச் சாத்தினாள்.

"இந்தாங்கோ உங்கடை சைக்கிள். கோயிலிலை சொன்னது சொன்னதுதான்."

"வலை நாளைக்கு விடியக் கழற்றித் தாறன். அதுவும் சொன்னது சொன்னதுதான்."

இருவரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். கமலாவதி அக்கா உள்ளே இருந்து அகப்பையோடு வந்தா.

"ரண்டு பேருக்கும் விசரே? வலை இல்லாமல் இந்த மனுசன் என்னத்தைப் போடுறது, சைக்கிள் இல்லாமல் நீ எதிலை போறது? கதையுங்கோ! இந்தமுறையாவது வடிவாய்க் கதையுங்கோ!"

மக்டலீன் சீலைத் தலைப்பை இடுப்பில் சொருகினாள்.

"அண்ணை, அண்டைக்குக் கடலிலை சொன்னதை மனசிலை வைக்காதையுங்கோ. அது என்ரை வாய்." அவ்வளவுதான் அவளுக்கு மன்னிப்புக் கேட்க வரும். "இப்ப நான் சொல்லுறதைக் கேளுங்கோ. வலை யாகோப்புவின்ரை. போடுறது நீங்கள். வாற இறாலிலை பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. வலை கிழிஞ்சால் தைக்கிறது நீங்கள், நூல் என்ரை. தடி முறிஞ்சால் ரண்டு பேரும். சைக்கிள் உங்கடை. ஓடுறது நான். ரியூப் வெடிச்சால் என்ரை பாடு. அக்காவை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகோணுமெண்டால் எந்த நேரமும் எடுக்கலாம். விளங்கிச்சுதே? விளங்காததை இப்பவே கேளுங்கோ."

"மணி?" என்றார் இளையதம்பி.

"மணி இல்லை. இல்லாததைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை."

அந்தச் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக அவர் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை மக்டலீன் கோயிலில் சொன்ன பொய்க்காகப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வந்தாள். சுவாமியார் என்ன தண்டனை கொடுத்தார் என்று கேட்டேன். "கோயில் முற்றம் கூட்டட்டாம். ஆனால் சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர்" என்றாள்.

அதன்பிறகு வந்த சீட்டுகளில் அண்ணனின் பேர் ஒரு வருசம் விழுந்தது, ஒரு வருசம் விழவில்லை. விழாத வருசம் இளையதம்பி வலையைக் கொண்டுபோய்ச் சும்மா கடலில் நனைத்துவிட்டு வந்தார். சூடு விழும் நாட்களில் கரையிலேயே இருந்து தைத்தார். மக்டலீன் உடுவிலில் மீன் விற்ற வீடுகளில் காசு இல்லாதவர்களுக்குக் கடன் கொடுத்து, பிறகு அவர்களோடேயே சண்டை பிடித்தாள். பங்கில் ஒரு நாளும் பிரச்சினை வரவில்லை. சின்னதாக ஒன்று தொடங்கினாலும் கமலாவதி அக்கா அகப்பையோடு வெளியே வந்துவிடுவா.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி கிட்ட வந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்னார்கள். யாழ்ப்பாணம் முழுக்க ஒரே றோட்டில் இறங்கியது. மழை கொட்டியது. ஒரு அடி வைக்க ஒரு யுகம். பரவைக்கடலைத் தாண்டும் நாவற்குழிப் பாலத்தடிக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது விடிந்திருந்தது. மக்டலீன் சைக்கிளை உருட்டினாள். முன்னால் இரண்டு சட்டியும் யசிந்தாவின் புத்தகங்களும். பின்னால், கரியரில், வலை. இளையதம்பி தங்கள் உடுப்புப் பெட்டியைக்கூட விட்டுவிட்டு அந்த வலையைக் கொண்டுவந்து அதில் கட்டியிருந்தார். ஏன் என்று கேட்க அப்போது யாருக்கும் தெம்பு இல்லை.

பாலம் தொடங்கும் இடத்தில் அவர் கரியரைப் பிடித்து நிறுத்தினார். கட்டை அவிழ்த்து வலையைத் தோளில் தூக்கினார். சேற்றில் சறுக்கிச் சறுக்கிக் கரையால் இறங்கினார். அந்த வயதில் அந்த மழையில். பின்னால் வந்த சனம் ஏசியது.

"அண்ணை! உங்களுக்கென்ன விசரே?" என்று மக்டலீன் மேலேயிருந்து கத்தினாள். "அந்த வலையிலை நனையாத இடம் இன்னும் கிடக்கே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மழை முகத்தில் வழிந்தது.

"மழைத்தண்ணி கணக்கில்லை, தங்கச்சி. திரும்பிப் போய் முட்டியைத் தூக்கேக்கை பேதுரு அண்ணை கேப்பார்."

குனிந்து வலையின் ஒரு சிறகைக் கடல்தண்ணீரில் விட்டார். பிறகு மற்றச் சிறகையும். நான் வாய்விட்டு அழுதேன். மக்டலீன் அழவில்லை. சைக்கிளைக் குறுக்கே திருப்பிப் பாதையை மறித்துக்கொண்டு நின்றாள். பின்னால் தள்ளினார்கள், தூசணத்தால் ஏசினார்கள், ஒருவன் சைக்கிள் சில்லை உதைத்தான். யாகோப்புவின் வலை முழுதும் நனைந்து மேலே வரும்வரை அவள் ஒருவரையும் போகவிடவில்லை.